பொடவுச்சாமி வீட்டுப் பொன்மணி

பொன்மணி என்ற பெயரைப் பேச்சியம்மாள் முதன்முதலில் கேட்டது இருக்கன்குடியில், ஆற்று மணலில் பொங்கல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது. சுனாமி வந்த வருசத்து ஆடி மாசம் அது. பக்கத்து அடுப்பில் இருந்த சண்முகத்தாய், இவளுக்குச் சித்தி மகள், புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்.

"எக்கா, முனியராஜுக்குப் பொண்ணு தேடுறீகள்ல? எங்க எம். புதுப்பட்டியில வேலுச்சாமி மக பொன்மணின்னு ஒருத்தி இருக்கா. வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம்."

"வாய் நீளமா இருந்தாத்தான் எங்க வீட்டுல பிழைக்க முடியும்," என்றாள் பேச்சியம்மாள்.

பேச்சியம்மாளுக்குச் சிவகாசியில் வீடு. அவள் புருசன் கருப்பணன் அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். மகன் முனியராஜ் ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டினான். ஆவணியில் பெண் பார்க்கப் போனார்கள். பொன்மணி எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் பட்டாசுக் குழாய் சுற்றிப் பழகி, பிறகு கம்பெனிக்குத் திரி வைக்கப் போனாள். காபி கொண்டுவந்த கையில், நகக்கண்ணெல்லாம் வெள்ளி மருந்து மினுங்கியது.

"குளிச்சுமா போகலை, தாயி?"

"சீசன் முடிஞ்சாத்தான் போகும் அத்தை. இல்லேன்னா மருமக வெள்ளியில வந்திருக்கான்னு வச்சுக்கிடுங்க."

பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள். முதல் பேச்சிலேயே 'அத்தை' என்று கூப்பிட்டது அவளுக்கு மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தனக்கு ஒரு பெண் பிள்ளை இல்லையே என்று இருந்தவள் அவள்.

வழக்கம்போலக் குலசாமியை விசாரித்தார்கள். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அங்கே பெண் எடுத்தால் தங்கச்சியை எடுத்த மாதிரி. பொன்மணியின் அம்மா சின்னத்தாய், "எங்களுக்குப் பொடவுச்சாமி. கண்மாய்க்கரை வழியாப் போவோம், சிவராத்திரிக்கு," என்றாள். கருப்பணன், "எங்களுக்குக் கெவியய்யா. வடக்க காட்டுப்பாதையில ஏறுவோம், பங்குனி உத்தரத்துக்கு," என்றார். பேர் வேறு, பாதை வேறு, நாள் வேறு. தட்டை மாற்றிக்கொண்டார்கள். கல்யாணம் தையில் என்று முடிவானது.

முதல் பத்திரிகையைக் குலசாமி காலடியில் வைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுப்பார்கள். கம்பெனிக்கும் அச்சகத்துக்கும் லீவு ஞாயிற்றுக்கிழமைதான். கார்த்திகை கடைசி ஞாயிறு பேச்சியம்மாள் வீட்டார் வேன் பிடித்து வத்திராயிருப்புக்கு மேற்கே போய், காட்டுப்பாதையில் மலை ஏறினார்கள். உச்சிக்குக் கீழே பாறை வாய்பிளந்து கிடக்கும், அதற்குள்தான் சாமி. வாசலில் புகை தெரிந்தது. அடுப்பு முன்னால் சின்னத்தாய் குனிந்திருந்தாள், பக்கத்தில் வேலுச்சாமியும் பொன்மணியும்.

பேச்சியம்மாளுக்கு முதலில் சந்தோசம்தான். "ஏ மதினி! எங்க சாமியக் கும்பிட வந்தீகளாக்கும்!"

"உங்க சாமியா? எங்க பொடவுச்சாமிக்குல்ல பத்திரிகை வைக்க வந்திருக்கோம். நீங்க எங்க இங்கன?"

முனியராஜ் பாறைக்குள் குனிந்து பார்த்தான். உள்ளே சாமிக்கல்லின் காலடியில், மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்று ஏற்கெனவே இருந்தது. அவன் தன் கையால் அச்சடித்ததுதான். தன் கையில் இருந்த பத்திரிகையைப் பார்த்தான், வைக்கவில்லை.

பேச்சியம்மாள் புருசன் பக்கம் திரும்பினாள். "அவுகளுக்குப் பொடவு, நமக்குக் கெவி. ரெண்டு சாமின்னு வச்சுக்கிட்டா என்ன கெட்டுப்போச்சு?"

ரெண்டு வீட்டாரும் ஆளுக்கொரு பேரைச் சொல்லிக் குரலை உயர்த்தினார்கள். கீழே ரோந்து வந்த காட்டிலாகாக் காவலர் சத்தம் கேட்டு ஏறி வந்தார். "என்னம்மா சண்டை? நீங்க பொடவுங்கீக, அவுக கெவிங்காக, ஆடு மேய்க்கிறவன் முழைங்கான், பிள்ளைக புத்தகத்துல குகைன்னு இருக்கு, எங்க ஆபீசு போர்டுல கேவ்னு எழுதியிருக்கு. எல்லாம் இந்த ஓட்டைதான்."

பேச்சியம்மாள் பூசாரி இசக்கிப்பாண்டியைப் பிடித்தாள். "நீங்க சொல்லக்கூடாதாய்யா இத்தனை வருசமா?"

"என்னைய எவரு கேட்டா? பொடவுச்சாமின்னா அந்தப் பேருக்குச் சூடம். கெவியய்யான்னா இந்தப் பேருக்குச் சூடம். கல்லு ஒண்ணுதான், தாயி."

கருப்பணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பங்காளி ஆயாச்சு. வேலுச்சாமி எனக்குத் தம்பி. இனி என்ன பேச்சு."

"கல்யாணத்துக்கு ஊரெல்லாம் வாயால சொல்லியாச்சே!" என்று சின்னத்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். முனியராஜ், "ரிஜிஸ்டர் ஆபீசுல வச்சுக்கிடலாம்," என்று முணுமுணுத்தான். பேச்சியம்மாளுக்கு அதில் ஓர் ஆசை எழுந்தது. பொன்மணியைப் பார்த்தாள். அவள் 'சரி' என்றால் புருசனை எதிர்த்து நிற்கத் தயாராகத்தான் இருந்தாள்.

பொன்மணி எழுந்து காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"வேண்டாம். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் சாமிக் குத்தம்னு என்னையத்தான் சொல்லுவாக. அம்புட்டு நாளும் பயந்து பயந்து கம்பெனியில மருந்துக்குள்ள உக்காந்தாச்சு. வீட்டுலயும் பயந்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

பிறகு முனியராஜ் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை. "நின்னுபோன கல்யாணத்துப் பொண்ண எவன் கேட்டு வருவான்? அண்ணன்னு ஆயிட்டீகள்ல, மாப்பிள்ளை பாக்குறது உங்க பொறுப்பு."

"நேத்து வரைக்கும் மாப்பிள்ளை, இன்னைக்கு அண்ணனா?" என்று முனியராஜ் வானத்தைப் பார்த்துச் சிரிக்கப் போனான், சிரிப்பு வரவில்லை.

இறங்கும்போது பொன்மணி பேச்சியம்மாள் கையைப் பிடித்தாள். "வாரேன், பெரியம்மா." அந்த ஒரு சொல்லுக்குப் பேச்சியம்மாள் வேனில் சிவகாசி வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வருசம் போல முனியராஜ் வீட்டில் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. அப்புறம் ஒருநாள் அச்சகத்தில் தன்னோடு கட்டிங் மிஷின் பார்க்கும் செல்லப்பாண்டியை, பொன்மணிக்குப் பார்க்கலாமென்று வீட்டுக்கே கூட்டிவந்தான். மல்லாங்கிணற்றுப் பையன், கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. சோறு போட்டபடியே பேச்சியம்மாள் துருவினாள்.

"உங்க குலசாமி பேரு வேண்டாம் தம்பி. மலையில இருக்கா, தரையில இருக்கா? மேல கூரை உண்டா? எந்தப் பக்கமாப் போவீக?"

"வேப்பமரத்தடிம்மா. கூரையே கிடையாது."

"அப்படின்னா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கோங்க."

வைகாசியில் பொன்மணிக்கும் செல்லப்பாண்டிக்கும் கல்யாணம். அண்ணன் செய்ய வேண்டிய முறையெல்லாம் முனியராஜ் குறைவில்லாமல் செய்தான். தாலி கட்டும்போது மட்டும் பந்திக்கு இலை பார்க்கப் போய்விட்டான். அடுத்த வருசம் அவனுக்கும் சாத்தூர்ப் பக்கம் பெண் அமைந்தது.

பொன்மணி இப்போது மல்லாங்கிணற்றில் இருக்கிறாள். ஒரு மகள், பேர் ஓவியா. மழை பெய்தால் கொத்தமல்லி விதைக்கிறார்கள். பட்டாசு வேலைக்கு அவள் போவதில்லை.