கீறல் விழுந்த புளியங்கொட்டை

கொழும்புத் துறைமுகத்தில் எனக்கு ஒரு விசித்திரமான வேலை. வராத கப்பல்களைக் கணினிக்குள் வரவழைத்து, வரிசையில் நிறுத்தி, எது எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கும் என்று பார்ப்பது. அதற்கென்றே எழுதி வைத்த நிரல் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்க வந்த வெள்ளைக்காரர், "இதில் நேரம் ஓடாது, தாவும். ஒன்று நடந்த இடத்திலிருந்து அடுத்தது நடக்கும் இடத்துக்கு ஒரே தாவல்" என்று பெருமையாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வியாகுலம் பெரியப்பா ஐம்பத்தொன்றாம் வருஷமே புளியங்கொட்டையையும் சோழியையும் வைத்துக்கொண்டு இதைச் செய்தவர். அவரிடம் கடிகாரம்கூடக் கிடையாது. ஜெபமாலைதான்.

பெரியப்பாவுக்கு லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில், கொழுந்து அரைக்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டார். அதோடு தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்கு உபதேசியார். கோயில் என்றால் தகரக் கூரை, மாதா சுரூபம், வாசலில் கயிறு கட்டிய ஒரு மணி, அவ்வளவுதான். சாமி என்று நாங்கள் சொல்லும் பாதிரியார் சில மாதத்துக்கு ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, மலை ஏறி வந்து, முதலில் ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்பார். பிறகு பூசை வைத்துவிட்டு அன்றைக்கே வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வது, சாவு வீட்டுக்குப் போவது, பிள்ளைகளுக்கு மந்திரம் படித்துக்கொடுப்பது எல்லாம் பெரியப்பாவின் தலையில். குரல் பெரிது, ஆள் சாது.

அந்தக் காலத்துச் சட்டம் கடுமையானது. பூசையில் சாமி நாக்கில் வைக்கும் அப்பத்தை, நற்கருணையை, வாங்குவதை எங்கள் ஆட்கள் நன்மை வாங்குவது என்பார்கள். நன்மை வாங்க வேண்டுமானால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வாங்க யாரும் துணியவும் மாட்டார்கள். ஆகவே மலைக்குளிரில் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்க வேண்டும். உச்சிக்கு முன்னால் பூசை தொடங்கியாக வேண்டும் என்பதால், நேரம் நெருங்கியதும் உபதேசியார் மணி அடிப்பார். சாமி பாவசங்கீர்த்தனத்தை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார். வரிசையில் மிச்சம் நிற்பவர்கள் அடுத்த தடவைதான்.

அப்படி மிச்சமானவர்தான் பெற்றீசியா. தோட்டத்தின் உயரப் பகுதியான மேல் டிவிசனில் கொழுந்து எடுப்பவர். புருஷன் இல்லை. ஒரு முழங்கால் சரியாக மடங்காது. அவர் இறங்கி வருவதற்குள் வரிசை முற்றத்தைத் தாண்டியிருக்கும். வந்த பிறகும் கைப்பிள்ளைக்காரிகளுக்கு இடம் விட்டு விட்டுப் பின்னால் போவார். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முன்னால் சாமி வந்திருந்தபோது ஒரு வழியாக முன்னுக்கு வந்து, அடுத்த ஆள் தான்தான் என்று முக்காட்டைச் சரிசெய்தார். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா மணி அடித்தார். அதற்கு முந்திய தடவையும் இதே கதைதான்.

பூசை முடிந்து எல்லோரும் ரொட்டியும் தேத்தண்ணியுமாக உட்கார்ந்தபோது பெற்றீசியா மட்டும் மலை ஏறப் பார்த்தார். பெரியப்பா பின்னால் ஓடினார்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கக்கா."

"நெஞ்சுல ஒன்னு கெடக்கு உபதேசியாரே. அவரு செத்ததுல இருந்து கெடக்கு. சாமிகிட்ட எறக்கி வைக்காம எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது. பாஸ்குக்காவது என்னைய விடுவீங்களா?"

விடுவீங்களா என்று கேட்டது பெரியப்பாவைக் குத்திவிட்டது. பாஸ்கு என்னும் ஈஸ்டர் காலத்தில் நன்மை வாங்காமல் இருப்பது பெரிய பாவம் என்று அந்த அம்மாளுக்கு மந்திரம் படித்துக்கொடுத்தவரே இவர்தான். அன்றிரவு அவருக்கும் சோறு இறங்கவில்லை என்று இசபெல் பெரியம்மா சொல்வார். பெரியம்மா கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், ஆனாலும் இதை நான் நம்புகிறேன்.

பாஸ்குக்கு முந்திய தபசுகாலம் தொடங்கியதும் பெரியப்பா லிந்துலை கடைத்தெருவுக்குப் போய் மக்பூல் நானாவின் கடையில் சோழி வாங்கினார். "என்ன உபதேசியார், இந்த வயசுல தாயம் வெளையாடப் போறீங்களா?" என்று நானா கேட்டதற்கு அசடு வழிந்துவிட்டு வந்தார். லயம் என்னும் வரிசை வீடுகளில் தன் காம்பராவின் தரையில் கரித்துண்டால் ஒரு கோயில் வரைந்தார். கீழ் லயத்து ஆட்களுக்குக் கறுப்புப் புளியங்கொட்டை. மேல் டிவிசன் ஆட்களுக்குத் தோல் சுரண்டிய வெள்ளைக் கொட்டை. அதில் ஒன்றில் மட்டும் கத்தியால் ஒரு கீறல் போட்டார். அது பெற்றீசியா.

"ஸ்டோருல கொழுந்து எப்ப வரும்னு தெரியாது. வந்தா குவிஞ்சுரும். மெஷினு ஒன்னுதான். கோயிலும் அப்படித்தான் இசபெல். சாமிதான் மெஷினு" என்று சொல்லப்போய்ப் பெரியம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆட்டம் இதுதான். ஒரு தடவை சோழி போட்டால், அடுத்த ஆள் எப்போது வருவார் என்று தெரியும். இன்னொரு தடவை போட்டால், உள்ளே போன ஆள் எவ்வளவு நேரம் இருப்பார் என்று தெரியும். நேரத்துக்கு அளவு ஜெபமாலை மணிகள். பாவசங்கீர்த்தனம் நடக்கும்போது வாசலில் நின்று ஜெபமாலை சொல்வது அவர் வழக்கம். பொடியன்கள் சில மணிகளுக்குள் ஓடி வந்துவிடுவார்கள், பெரியவர்களுக்குப் பத்து மணி உருளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சோழி விழுந்ததும், முந்தி நடக்கப்போவது எது, ஒருவர் வருவதா, ஒருவர் வெளியே போவதா என்று பார்த்து, விரலை நேராக அந்த மணிக்குத் தாவவிடுவார். நடுவில் உள்ள மணிகளைச் சீண்டமாட்டார். நடுவில்தான் ஒன்றும் நடக்கவில்லையே. குறித்து வைத்த மணிக்கு விரல் வந்தால் உச்சி. "டாங்" என்று வாயால் சொல்லிவிட்டு, கீறல் கொட்டை எங்கே கிடக்கிறது என்று பார்ப்பார்.

வந்த வரிசையிலேயே விட்டால் அது அநேகமாக வெளியில்தான் கிடந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று பிள்ளைகளை முதலில் விட்டுப் பார்த்தார். அப்போது இன்னும் பின்னால் போனது. கடைசியில் கீழ் லயத்து ஆட்கள் இருவருக்கு ஒரு மேல் டிவிசன் ஆள் என்று விட்டுப் பார்த்தார். கீறல் கொட்டை கோயிலுக்குள் போனது. ஒரு ஆட்டத்தை நம்பக்கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ, வேலை விட்டு வந்த சாயங்காலங்களில் திரும்பத் திரும்பப் போட்டார். சில ஆட்டம் கைவிட்டாலும் பெரும்பாலும் பெற்றீசியா உள்ளே. பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

அங்கேதான் ஜோர்ஜ் வந்து சேர்ந்தார். ஸ்டோரில் பெரியப்பாவோடு வேலை செய்பவர். வாய்க்குப் பூட்டு கிடையாது. அவர் எட்டிப் பார்த்த நேரம், பெரியப்பா ஒரு கொட்டையைக் கோயிலுக்குள் தள்ளி, சோழியை உருட்டி, "யப்பா, இந்த ஆளுக்கு ரொம்ப நேரம் எடுக்கும்போல" என்றாராம்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வேலைக்குக் கூடியபோது தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. யார் யாருக்கு எவ்வளவு பாவம் என்று உபதேசியார் சோழி போட்டுப் பார்க்கிறார்!

"எனக்கு எவ்வளவுங்க விழுந்துச்சு?" என்று ஜோர்ஜே வந்து கேட்டார்.

"அதெல்லாம் வெறும் கொட்டைப்பா. யாரு பேரும் இல்ல" என்று பெரியப்பா சொன்னார். கீறல் கொட்டை ஞாபகம் வந்து அவர் முகம் சிவந்தது. ஜோர்ஜுக்கு அது போதாதா?

பாஸ்குக்காகச் சாமி வந்த ஞாயிற்றுக்கிழமை மூட்டம் இல்லாமல் வெயில் அடித்தது. மூலையில் நாற்காலி போட்டுத் திரை கட்டியாகிவிட்டது. சாமி உட்கார்ந்தார். பெரியப்பா இரண்டுக்கு ஒன்று என்று ஏற்பாட்டைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் ஜெபமாலையோடு வாசலில் நின்றார். முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. முதலில் போகிறவருக்குத்தான் பாவம் அதிகம் என்று நினைப்பார்கள் என்ற கூச்சம் எப்போதும் கொஞ்சம் உண்டுதான். இப்போது கையில் ஜெபமாலையோடு உபதேசியார் வேறு எண்ணிக்கொண்டு நிற்கிறார்! எல்லோரும் செருமினார்கள், மலையைப் பார்த்தார்கள். மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது, பெரியப்பாவின் விரல் ஒரே மணியில் நின்றுவிட்டது. புளியங்கொட்டைக்கு வெட்கம் கிடையாது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

பெரியம்மாதான் பார்த்தார். புருஷன் கையிலிருந்து ஜெபமாலையைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "நான் போறேன். இந்த மனுசனோட குடும்பம் நடத்துறதுல எனக்குத்தான் சொல்றதுக்கு நெறைய இருக்கு" என்று முற்றத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். முற்றம் சிரித்தது. சிரித்த பிறகு வரிசை நகர்ந்தது.

ஆனால் போன நேரம் போனதுதான். பெற்றீசியா காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பெரியப்பா சொன்ன ஏற்பாட்டின்படி மேல் டிவிசன் ஆட்கள் நடுநடுவே போய்க்கொண்டிருந்தார்கள். வாசற்படியின் நிழல் சுருங்கிச் சுருங்கிச் சுவரோடு ஒட்டியபோது அடுத்த ஆள் பெற்றீசியா. போன தடவை நின்ற அதே இடம். அதே முக்காடு.

"மணி அடிங்க உபதேசியாரே, நேரமாச்சு!" என்றார் ஜோர்ஜ். பசியில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. பின்னாலிருந்தும் குரல்கள் வந்தன. பெரியப்பா போய்க் கயிற்றைப் பிடித்தார். பெற்றீசியா தலை குனிந்துகொண்டார்.

அப்போதுதான் பெரியப்பாவுக்கு உறைத்தது. அத்தனை சாயங்காலம், அத்தனை ஆட்டத்தில், "டாங்" என்று சொன்னது யார்? ஆட்கள் வருவதைச் சோழி சொன்னது, போவதைச் சோழி சொன்னது. மணியை மட்டும் எந்தச் சோழியும் சொல்லவில்லை. வெயில் வருவதுபோல அதுவும் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தார். மணி அடிக்கும் ஆளுக்கு அவர் ஒரு கொட்டை வைக்கவே இல்லை. அந்த ஆள் இப்போது கயிறும் கையுமாக நிற்கிறான்.

"நீங்க போங்கக்கா" என்றார்.

பெற்றீசியா நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரைக்குள் போனார்.

"என்னங்க இது, அடிங்கங்குறேன்" என்றார் ஜோர்ஜ்.

"கயிறு சிக்கிக்கிச்சு."

ஜோர்ஜ் அண்ணாந்து பார்த்தார். கயிறு நேராக, சொகுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. திரைக்குக் கீழே மண் அப்பிய இரண்டு உள்ளங்கால்கள் தெரிந்தன. மடங்காத கால் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. ஜோர்ஜ் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்து, "ஆமாப்பா, சிக்கித்தான் இருக்கு. நானும் பாக்குறேன். யாரும் சத்தம் போடாதீங்க" என்று முற்றத்துக்கு அறிவித்துவிட்டு, தானும் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சாமி எழுந்திருக்கவில்லை. மணி அடித்தால்தான் அவருக்கு நேரம். திரைக்குள்ளிருந்து முதலில் அழுகை, பிறகு மெதுவான பேச்சு. பெற்றீசியா என்ன சொன்னார் என்பது அவருக்கும் சாமிக்கும் தெரியும், நமக்கு வேண்டாம். வெளியே வந்தபோது அவர் முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து இழுத்த இழுப்பில் மணி பக்கத்துத் தோட்டத்துக்கே கேட்டிருக்கும்.

பூசையில் பெற்றீசியா நன்மை வாங்கினார். சாமி வரிசையாக வந்து பெரியப்பா முன்னால் நின்றபோது பெரியப்பா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். கோயில் வாசலில், அதுவும் சாமி உள்ளே இருக்கும்போது, பொய் சொன்ன வாயில் எப்படி வாங்குவது? பக்கத்தில் ஜோர்ஜும் வாயை இறுக மூடிக்கொண்டார். சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். உபதேசியாராகி அத்தனை வருஷத்தில் பெரியப்பா நன்மை வாங்காத முதல் பூசை அது. அவ்வளவு நிம்மதியாக அவர் முழங்காலில் நின்று நான் பார்த்ததே இல்லை என்பார் பெரியம்மா.

பூசைக்குப் பிறகு பெற்றீசியா சம்பலோடு ரொட்டி சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்.

அடுத்த தடவை சாமி வந்தபோது, முதலில் யார் போவது என்ற கூச்சத்துக்கே இடம் வரவில்லை. விடியும்போதே பெரியப்பாவும் ஜோர்ஜும் கோயில் வாசலில் நின்றார்கள். யார் முன்னால் என்பதில்தான் கொஞ்சம் தகராறு.