கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவின் செருப்பு

நாத்தனார் சென்னையிலிருந்து வந்திருந்தாள். ஊர் சுற்றிக்காட்ட மட்டாஞ்சேரிக்குக் கூட்டிப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே மின்விசிறி இருக்குமே என்றுதான் நுழைந்தோம்.

அம்மை குத்தும் ஊசிகள், மருந்துக்கடைத் தராசுகள், பல் பிடுங்கும் குறடுகள். குறடுகளைப் பார்த்து நாத்தனார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அறை முழுக்க யானைக்கால் நோய். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சின்ன முறம் அளவுக்கு ஒற்றைச் செருப்பு, இடது காலுக்கானது. லாரி டயரை வெட்டிய அடி, கான்வாஸ் பட்டை. கால் உரசாமல் இருக்க உள்விளிம்பில் பச்சைத் துணி வைத்துத் தைத்திருந்தது. அந்தப் பச்சை, நான் எட்டாம் வகுப்பில் கட்டிய பாவாடை.

"ஐயோ பாவம், யாரோ" என்றாள் நாத்தனார்.

"ஆமாம், யாரோ" என்றேன்.

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அம்மாவுக்கு இடது கால் அப்படித்தான். புடவையைத் தரையில் புரளவிட்டு நடப்பாள். போட்டோ எடுத்தால் பின்வரிசை. யாராவது நமஸ்காரம் செய்யக் குனிந்தால், "மனசுல பண்ணினா போறும்" என்று விலகிப் போவாள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் நமஸ்காரம் செய்ய வரும் நேரத்துக்கு, அவளை உக்கிராண அறையில் அரிசி பருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருக்கச் சொன்னேன். சொன்னது நான்தான். சரி என்று போய் உட்கார்ந்தாள். என் கணவருக்கு உண்மை தெரியும். அவர் வீட்டாருக்கு இன்றுவரை அது வாத நோய்.

இரண்டு வருஷம் முன்பு அம்மா போனபோது, அந்தச் செருப்பை யார் கண்ணிலும் படாமல் ஒழித்துவிடு என்று அக்காவிடம் சொன்னேன். காயல் தண்ணீரில் போட்டுவிட்டேன் என்றாள். நம்பினேன். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகக்கூட இருந்தேன்.

நாத்தனாரை டாக்ஸியில் திருப்பூணித்துறையில் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே சுள்ளிக்கலில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா செருப்ப மியூசியத்துக்குக் கொடுத்தது யாரு?"

"நான்தான்."

"காயல்ல போட்டேன்னு சொன்னியே."

"உங்கிட்ட வேற என்னத்தச் சொல்றது?"

அதற்குமேல் நான் அடக்கிக்கொள்ளவில்லை. "இருபது வருஷம் அம்மா கால அலம்பி மருந்து போட்டது நீதான், நான் இல்லேங்கல. அதுக்காக, அவ ஆயுசு முழுக்க மூடி வெச்சத ஊர் பாக்க வெச்சுடுவியா? இத விட துரோகம் உண்டா?"

அக்கா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அம்மா சொல்லித்தான் கொடுத்தேன். வீடு வீடா பழைய சாமான் கேட்டுண்டு ஒரு டாக்டர் வந்தார். இப்போ காலுக்கு வேணும், நான் போனப்பறம் வந்து எடுத்துண்டு போங்கோன்னா. அவர் சிரிச்சுட்டார். அவளும் சிரிச்சா. புடவையத் தூக்கிக் கால அவருக்குக் காட்டினா, கேட்டியா. எப்பிடித் தெச்சது, எங்க உரசும்னு அரைமணி நேரம் சொன்னா."

நான் அதை நம்பவில்லை. அம்மாவாவது, வேற்று மனிதரிடம் காலைக் காட்டுவதாவது.

"அப்ப பெட்டியில அவ பேர் ஏன் போடல?" என்றேன்.

"போடட்டுமான்னு அவர் கேட்டார். எனக்கு ஒண்ணுமில்ல, சின்னவளுக்குத்தான் குறைச்சலா இருக்கும், பேர் வேண்டாம்னா. உங்கிட்டயும் சொல்லப்படாதுன்னா."

அக்கா எழுந்துபோய் எனக்குச் சாயா வைத்தாள். குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அக்காமேல் இருந்த ஆத்திரம் முழுவதும் அம்மாமேல் திரும்பியது. யாரோ ஒரு டாக்டரிடம் சொன்னவள், பெற்ற பெண்ணிடம் மறைத்துவிட்டாள். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கூடாது என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.