சித்தப்பா கேட்ட படம்

நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் முற்றத்தில் ஒரு கொடிக்கம்பம் உண்டு. ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அதில் கொடி பாதியில் தொங்கியது. நாட்டின் பெரிய தலைவர் யாரோ போய்விட்டார் என்று செய்திகளைத் தேடினேன். ஒன்றுமில்லை. மாடிப்படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டு அம்மாளிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைப் பின்னிஷில் கேட்டேன். "இந்தக் கட்டடத்தில் ஒருவர் இறந்துவிட்டார்" என்றார். யார், எந்த வீடு என்றேன். தெரியவில்லை என்றார். "நான் போக வேண்டுமா?" என்று கேட்டேன். துக்கம் விசாரிக்கப் போகலாமா என்பதுதான் நான் கேட்க நினைத்தது. அந்த அம்மாள் பதறிப்போய், "இல்லையில்லை, நீங்கள் இங்கேயே இருக்கலாம்" என்றார். மாலையில் கொடியை இறக்கிவிட்டார்கள். பின்லாந்தின் டம்பரே நகரத்தில் ஒரு சாவு அவ்வளவு சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது.

ஆலங்குடிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், குளிப்பாட்டும் முன்பே பிளெக்ஸ் கடைக்கு ஆள் போய்விடும். முச்சந்தியில் பத்தடி உயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி நிற்க வேண்டும். நடுவில் இறந்தவர், கீழே வரிசையாகச் சொந்தபந்தங்களின் சின்னச் சின்னப் படங்கள், வெளிநாட்டில் இருப்பவன் பேருக்குப் பக்கத்தில் அந்த நாட்டின் பேர். என் தங்கை செல்வி வீட்டிலிருந்தபடி இந்த பேனர்களை வடிவமைத்துக் கொடுக்கிறவள். அவளுடைய பழைய கம்ப்யூட்டரை வைரஸ் தின்று தீர்த்ததால், போன முறை ஊருக்குப் போனபோது அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். கோப்புகளுக்கெல்லாம் தமிழிலேயே பேர் வை, இனி ஆங்கிலத்துக்குத் தொங்க வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தேன்.

எங்கள் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். எங்களை வளர்த்தது சித்தப்பாதான். பிள்ளையில்லாத மனிதர். தேங்காய் வெட்டுக்குக் கூலி பேசும்போது சிங்கமாக இருப்பார், கேமராவைக் கண்டால் கல்லாகிவிடுவார். ஒருநாள் செல்வி யாருக்கோ அஞ்சலி பேனர் செய்துகொண்டிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தவர், "ஏத்தா, நான் செத்தா அந்த ஆதார் கார்டு போட்டோவ மட்டும் போட்டுறாத. அதுல ஆடு திருடி ஆப்புட்டவன் மாதிரி இருக்கேன்" என்றாராம். உடனே ஸ்டுடியோவில் கேமராவை இரவல் வாங்கி, தோப்பில் வைத்து, சிரிக்கச் சிரிக்க ஒரு படம் எடுத்திருக்கிறாள். உயிரோடு இருப்பவருக்குச் சாவுப்படம் எடுத்து வைப்பது நல்லதில்லை என்று பயந்து யாருக்கும் காட்டவில்லை, எனக்கும் அனுப்பவில்லை. கம்ப்யூட்டருக்குள் மட்டும் வைத்திருந்தாள். போனில் அவள் இதைச் சொல்ல, இருவரும் சிரித்தோம்.

சித்தப்பா தோப்பிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்ற செய்தி எனக்குக் காலைக் காப்பியோடு வந்தது. என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இரண்டு மாதமாக அது வருகிறது, வருகிறது என்றுதான் சொல்கிறார்கள். கொள்ளி போட வேண்டியவன் நான். பங்காளி வீட்டுப் பையன் போடட்டும் என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். நான் சமையலறையில் நின்றபடியே அழுதேன். அலுவலக மேலாளருக்குத் தகவல் அனுப்பினேன். "வருந்துகிறேன். காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வா, மனம் லேசாகும்" என்று பதில் போட்டார். நல்ல மனிதர். அவருக்கு நான் எப்படிச் சொல்வது, எனக்குத் தேவை காடு இல்லை, முச்சந்தி என்று?

அப்போதுதான் செல்வி வீடியோவில் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "அண்ணே, கம்ப்யூட்டர் வரமாட்டேங்குதுண்ணே. கறுப்பா நிக்கிது. படம் உள்ள கெடக்குண்ணே" என்றாள். அன்று காலை அப்டேட் கேட்டிருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்தபடி அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள். பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது தோப்பிலிருந்து செய்தி வந்துவிட்டது. உடலைக் கிடத்த இடம் வேண்டுமே. தெருக்காரர்கள் நாலு பேர் திமுதிமுவென்று நுழைந்து, டிவி, பீரோ, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பிடுங்கிப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது? நானே அங்கே இருந்திருந்தால் ஒயரைப் பிடுங்கிய முதல் கை என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

நெல்மூட்டை மேல் மானிட்டரை வைத்து, பழைய ஒயரில் கரண்ட் இழுத்து உட்கார்ந்திருந்தாள் செல்வி. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னேன். எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரை வந்தது. பாஸ்வேர்டை அடிக்கச் சொன்னேன். "எதுவுமே விழுகலண்ணே" என்றாள். விழாது, கண்ணுக்குத் தெரியாது, நீ பாட்டுக்கு அடி என்றேன். பாதியில் நின்றதை மறுபடி ஓட்டும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். ஓடியது, ஓடியது, கடைசியில் இன்டர்நெட் வேண்டும் என்று நின்றுவிட்டது. மோடம் முன்கட்டில் இருக்கிறது. மோடத்தின் பிளக்கில் இப்போது சித்தப்பாவைக் கிடத்திய ஐஸ்பெட்டி ஓடுகிறது. அதைப் பிடுங்கு என்று எந்த வாயால் சொல்வது?

சரி, டெஸ்க்டாப் எக்கேடு கெட்டுப் போகட்டும், படத்தை மட்டும் பென்டிரைவில் எடுத்துவிடலாம் என்று படங்கள் இருக்கும் இடத்தைத் திறக்கச் சொன்னேன். போன் கேமராவைத் திரைக்கு நேராகக் காட்டினாள். கட்டம், கட்டம், கட்டம். அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. செல்வி தமிழில் பேர் வைத்த அத்தனையும் ஒரே மாதிரி வெள்ளைக் கட்டங்களாக வரிசை கட்டி நின்றன. அதில் எது சித்தப்பா, எது காதணி விழா என்று கடவுளுக்கே தெரியாது. "நீ சொல்லித்தானேண்ணே தமிழ்ல வச்சேன்" என்றாள். மொத்தத்தையும் அள்ளிவிடலாம் என்றேன். பென்டிரைவைச் சொருகினாள். நான் சொல்லச் சொல்ல அடித்தாள். இடைவெளி விட மறந்தாள், திட்டிவிட்டேன். "கத்தாதண்ணே. எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க. சித்தப்பா அங்கிட்டுக் கெடக்காரு, இவ இங்கிட்டுக் கம்ப்யூட்டர நோண்டுறான்னு பேசுறாங்க" என்றாள். குரலைத் தணித்துக்கொண்டேன்.

அவள் போன் வழியாகவே கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொடுக்கலாமே என்று எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ ஓடிவந்து, "செல்வி, ஒஞ்சித்தி மயங்கிட்டாங்க, ஓடியா" என்றார்கள். அடித்ததைப் பாதியில் விட்டு, போனை மூட்டை மேலேயே போட்டுவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்கட்டின் தகரக் கூரையும், ஓரத்தில் கொஞ்சம் கறுப்புத் திரையும்தான். "செல்வி, செல்வி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பறைச் சத்தம் கேட்டது. சித்தி என் பேரைச் சொல்லி, "பாக்காமப் போறாரே" என்று கதறியது கேட்டது. நான் வேலை பார்ப்பது இங்கே ஒரு கம்பெனியின் சர்வர்களைச் சரிசெய்யும் பிரிவில். முகம் தெரியாதவர்களின் கம்ப்யூட்டரையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பிவிடுகிறேன். என் வீட்டு நெல்மூட்டை மேல் இருந்ததை எழுப்ப முடியவில்லை. இணைப்பைத் துண்டிக்கவும் மனசு வரவில்லை.

பிளெக்ஸ் கடைக்காரர் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார். பங்காளிகள் யாரோ ஆதார் கார்டையே கொடுத்து அடித்துவிட்டார்கள். செல்வி அந்த பேனரைப் படம் எடுத்து அனுப்பினாள். பத்தடி உயரத்துக்கு விறைத்துப்போய், திருட்டுக் கேசில் பிடிபட்டவர் போலவே நின்றார் சித்தப்பா. கீழ்வரிசையில் நானும் இருந்தேன். என் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய படம். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன், பேருக்குப் பக்கத்தில் 'பின்லாந்து' என்று போட்டு.

சில நாள் கழித்து, போனைக் கேபிளில் மாட்டி, ஒருவழியாக டெஸ்க்டாப்பை எழுப்பிவிட்டோம். நல்ல படத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். வாயில் வெற்றிலையோடு, தலையைச் சாய்த்து, யாரையோ கேலி செய்வதுபோல் ஒரு சிரிப்பு. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருமாதி பேனருக்கு அதையே போடு என்றேன், கூடவே என் படத்தை மட்டும் எடுத்துவிடு, சாவு வீட்டில் அந்தச் சிரிப்பு வேண்டாம் என்றும் சொன்னேன். செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. "வேற படம் ஒண்ணுகூட இங்க இல்லண்ணே. எடுத்துட்டா ஒனக்கும் எங்களுக்கும் ஒட்டு ஒறவு இல்லன்னு ஊரு பேசும். இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது யாரோ எடுத்த வீடியோவும் வந்தது. பாடை முச்சந்தியைத் தாண்டுகிறது. பேனரின் கீழ்வரிசையில் இருக்கும் மற்ற அத்தனை பேரும் தெருவில் நடக்கிறார்கள். மாமன் மச்சான்கள் தோள் கொடுக்கிறார்கள், பங்காளிப் பையன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போகிறான், பெண்கள் முச்சந்திவரை வந்து தலையில் அடித்துக்கொண்டு விழுகிறார்கள். காற்றில் பேனர் படபடக்கிறது. கூட்டம் கடந்து போய், பறைச் சத்தமும் தேய்ந்து, தெரு காலியாகிறது. மேலே, பேனரில், நான் மட்டும் சிரித்துக்கொண்டே நிற்கிறேன்.