கோயில் மணி ஏற்றி வந்த பிக்கப்

எங்கள் பிக்கப் வண்டிக்கு வயது பத்தொன்பது. வாங்கும்போதே ஒன்பது வயது ஆகியிருந்தது. அன்றிலிருந்து ஓட்டுவது நான்தான். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு நாள் பழகிப் பார்த்தார். கிணற்று மேட்டுக்கு இரண்டடி முன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிரேக்கை மிதித்தவர், இறங்கி சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

ஏரியூர் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். தக்காளியும் மரவள்ளியும் ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்குப் போய்வருவேன். ஆயில் மாற்றுவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர், பெல்ட் இழுத்துக் கட்டுவது எல்லாம் என் கையால்தான். டிரைவர் சீட்டுக்கு அடியில் தகரம் துருப்பிடித்து ரோடு தெரிய ஆரம்பித்தபோது, பட்டறையில் பக்கத்திலேயே நின்று புதுத் தகடு வைத்து வெல்டு அடித்து வாங்கி வந்தேன். டீசல் முள் செத்து நாலு வருடமாகிறது. தினமும் காலையில் கிளம்பும் முன்னால் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்துக்கொள்வேன்.

போன வருடம் வண்டிக்கு ஒரு புது நோய் வந்தது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் நன்றாக ஓடும். பிறகு இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். கால் மணி நேரம் ஓய்வு கொடுத்தால் கிளம்பும், கொஞ்ச தூரத்தில் மறுபடி மக்கர். பென்னாகரத்து மெக்கானிக் ஃபில்டரை மாற்றினார். டீசல் குழாயை மாற்றினார். அவர் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் குதிரை மாதிரி ஓடும். கடைசியில், "பம்பு போச்சுங்கக்கா. இதுக்கு மேல இதுல கை வெக்காதீங்க, வேற வண்டி பாருங்க" என்றார்.

அந்த வாரம்தான் எங்கள் மாதா கோயில் மணி விஷயம் வந்தது. விரிசல் விட்டிருந்த மணியை உருக்கி வார்க்கச் சேலத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தயாராகிவிட்டது, யார் போய் எடுத்து வருவது என்று பூசைக்குப் பிறகு ஃபாதர் கேட்டார். நான் எழுந்தேன். பின்னால் இருந்து ஒருவர், "அந்த ஓட்டை வண்டியிலயா? நடுவழில நின்னா மணியத் தலையில தூக்கிக்கிட்டு வருவீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"வண்டியிலதாங்க வரும்" என்றேன். ரோஷத்தில் சொன்னதுதான். வண்டி எங்கே நிற்கும் என்று எனக்கே தெரியாது.

என் வீட்டுக்காரரும் கூட வந்தார். போகும்போது காலி வண்டி, தொப்பூரில் இறக்கம். ஒரே ஒரு தடவை இருமியதோடு சரி. சேலத்தில் ஆறு பேர் சேர்ந்து மணியை ஏற்றி, வைக்கோல் கொடுத்துக் கட்டினார்கள். திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றம். பாதி மேட்டில் இழுவை போனது. ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் அணைந்துவிட்டது. நான் பிரேக்கை மிதித்துப் பிடித்திருந்தேன். என் வீட்டுக்காரர் குதித்து இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்துவிட்டு, மரக்கிளை ஒன்றை ஒடித்துப் பின்னால் ரோட்டில் போட்டார். லாரிகள் உறுமிக்கொண்டு பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தன.

ஒரு லாரிக்காரர் ஓரம்கட்டி இறங்கி வந்தார். "டிரைவர் எங்கம்மா?"

"நாந்தாங்க."

அவர் என்னையும் மணியையும் மாறி மாறிப் பார்த்தார். "கட்டி இழுத்துவுடட்டுங்களா?"

"பத்து நிமிசம் இருங்க, பாக்கறேன்."

ஃபில்டர் மேல் இருக்கும் கைப்பம்பை அமுக்கினேன். அமுங்கியது, மேலே எழும்பி வரவில்லை. டீசல் ஏறவில்லை என்று அர்த்தம். ஒருவேளை தீர்ந்துவிட்டதோ என்று குச்சியை எடுத்துக்கொண்டு போய் டேங்க் மூடியைச் சாவி போட்டுத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று ஒரு நீண்ட சத்தம். டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது.

அப்படியே நின்றுவிட்டேன். டீசல் திருட்டுக்குப் பயந்து பூட்டு வைத்த மூடி வாங்கி மாட்டியது எப்போது? வண்டி நிற்க ஆரம்பிப்பதற்கு முந்தின வாரம். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பழைய மூடியில் காற்றுப் போக ஊசி அளவு ஓட்டை இருந்தது. இதில் இல்லை. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போகாமல் டேங்கே டீசலைப் பிடித்து வைத்துக்கொண்டது. மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து டீசல் பார்த்துவிட்டுத்தான் ஓட்டியிருக்கிறார். அவரிடம் எப்படி நிற்கும்?

கைப்பம்பை மறுபடி அமுக்கினேன். விரலை எதிர்த்துக்கொண்டு எழும்பி வந்தது. மூடிக்குப் பதிலாக டேங்க் வாயில் சுத்தமான துணியைக் கட்டினேன். சாவியைத் திருப்பியதும் ஒரே அடியில் எஞ்சின் பிடித்தது. "என்னா புள்ள பண்ணின?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். லாரிக்காரர் கல்லை எடுத்துவிட்டு, "போங்க மேடம், நான் பின்னாடியே வரேன்" என்றார். இரண்டாவது கியரில், ஒரு இடத்திலும் நிற்காமல், தொப்பூர் மேடு ஏறினேன்.

சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டம். சிரித்தவரும் ஒரு ஆளாக வந்து மணிக்குத் தோள் கொடுத்தார். ஃபாதர் மணியை மந்திரித்துவிட்டு, நான் கேட்காமலே வண்டி மேலும் தீர்த்தம் தெளித்தார். மறுநாள் மெக்கானிக்கிடம் மூடியைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தவர், அவரே டிரில்லில் மெல்லிய பிட் போட்டு அதில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். பம்பு இன்றுவரை அதே பம்புதான்.

போன மாதம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை எஃப்.சி. காட்டப் போயிருந்தோம். அதிகாரி குனிந்து அடிப்பக்கம் பார்த்தார், பிரேக் பார்த்தார், எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "இத்தனை வயசு வண்டிய யாருங்க பாத்துக்கறது?" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்: "எங்க வூட்டுக்காரம்மாதாங்க சார்."