முப்பத்து மூன்றில் பாதி

பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்தி நடத்தித் தொண்டை வறண்டவள் நான். வீட்டில் மட்டும் என்னை ஒருவரும் ஒரு சந்தேகம் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் நாவலூர் ஐ.டி. வேலையை உதறிவிட்டு, திருக்கழுக்குன்றம் பக்கம் தம் பங்கு நிலத்தில் விதையில்லாத் தர்பூசணி போட்டார். ஈசிஆர் ரிசார்ட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று கனவு. கம்பெனிக்காரன் அனுப்பிய விதையோடு சாதாரணத் தர்பூசணி விதையும் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. "மட்டமான சரக்க ஃப்ரீயா தள்ளிகீறான்" என்று அதைத் தூக்கி எறிந்தார்.

கொடி ஊர்க்கண் படும்படி படர்ந்தது. பூத்தது. பிஞ்சு மட்டும் வெம்பி வெம்பி உதிர்ந்தது. இந்த வெள்ளாமையும் போனால் பழைய ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.

"நல்லாத்தான வளருது, இன்னாதான் கொறை?" என்று கடைசியில் என்னையே கேட்டார்.

"வளர மைட்டாசிஸ் போதுங்க. இந்த விதையில்லாக் கொடியோட முப்பத்திமூணு குரோமோசோமையும் நகலெடுத்து ரெண்டு செல்லுக்கும் முழுசா குடுத்துடும். மகரந்தத்துக்கு மியாசிஸ் வேணும், அது பாதியாக்கும். சாதாரணக் கொடியில இருபத்திரெண்டு, ஆளுக்குப் பதினொண்ணு. முப்பத்திமூணுல பாதி எது? அதான் இதோட மகரந்தம் உதவாது. நீங்க எறிஞ்ச மட்டச் சரக்கோட மகரந்தம் பட்டாதான் காய் நிக்கும்."

சாதாரணக் கொடி இருந்தது ஏரிக்குக் கீழே, என் கொழுந்தனார் வயலில். பாகப்பிரிவினையில் சாலையோரத்தை இவர் எடுத்துக்கொண்டு பள்ளத்தைத் தம்பி தலையில் கட்டியதிலிருந்து இருவருக்கும் பேச்சே கிடையாது. மறுநாள் விடியலில் இவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"கொஞ்சம் ஆண் பூ வோணும்டா" என்று கேட்பதற்குள் இவருக்கு வியர்த்துவிட்டது. கேட்ட வெட்கத்தை மறைக்க, என் பாடத்தைத் தாமே கண்டுபிடித்ததுபோல் ஒப்பித்தார்: "முப்பத்திமூண ரெண்டா பிரிக்கவே முடியாதுடா."

கொழுந்தனார் பூவைப் பறித்து லுங்கி மடியில் போட்டுக்கொண்டே சொன்னார்: "உன்னால பிரிக்க முடியாதது கூட ஒண்ணு உண்டா, அண்ணாத்த?"

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"சும்மா நிக்காத, வா. வெயில் ஏறுனா பூ சுருங்கிடும்" என்று தம்பி முன்னால் நடந்தார். பாகம் பிரிந்த பிறகு எங்கள் நிலத்தில் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான்.