கல் எண்ணிக்கை சரியாக இருந்த நாள்

மலைப்பாதையில் ஆட்களைக் கூட்டிப்போகிறவன் வேலை ஏறுவதல்ல, எண்ணுவது. குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துச் சொந்தக்காரர்களை ஏற்றி இறக்கியவர்களுக்கு என் பாடு புரியும். எழுமலைக்கு மேற்கே ஏறி, உச்சிப் புல்வெளியைக் கடந்து, மூன்றாம் நாள் வருசநாட்டுப் பக்கம் இறங்கும் பாதை எங்களுடையது. அனுமதி வாங்கி, மதுரை ஆட்களைச் சேர்த்து, நான் முன்னால் நடப்பேன். எழுமலை விவசாயி கருப்பையா அண்ணன் கடைசி ஆளாக வருவார். அவர் சொன்ன ஒரு சம்பவத்தை எட்டு வருஷமாகப் பிறருக்குச் சொல்லி வருகிறேன். எட்டு வருஷமாக அதைச் சந்தேகப்பட்டும் வருகிறேன்.

இன்னும் எவ்வளவு தூரம்?

இதற்குக் கருப்பையா அண்ணனிடம் ஒரே பதில்தான்: "இந்தா, அந்த வளைவுதான்." பொய் சொல்லி நடக்கவைப்பது எனக்குப் பிடிக்காது. ஒருமுறை ஜவுளிக்கடை பாய் ஒருவர் முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்க அதைக் கேட்டார். "இன்னும் நாலு மணி நேரம் பாய்" என்றேன். பாய் பையைக் கழற்றினார், ஷூவைக் கழற்றினார், மரத்தடியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அரை மணி நேரம் கெஞ்சியும் அசையவில்லை.

பின்னால் வந்துசேர்ந்த கருப்பையா அண்ணன் என்னைத் தனியே இழுத்துச் சொன்னார்: "உண்மையச் சொல்லி ஒக்கார வச்சுப்புட்ட. இப்ப அந்த உண்மையா வந்து இவரத் தூக்கிட்டுப் போகும்?"

டவர் இல்லாத இடம்

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பாறை குறித்து வைத்திருக்கிறோம். அதைக் கடக்கும் ஒவ்வொருவரும் ஒரு கல் வைத்துவிட்டுப் போகவேண்டும். கடைசியில் வரும் கருப்பையா அண்ணன் கல்லை எண்ணிப் பார்த்து, சரியாக இருந்தால் தள்ளிவிட்டு நடப்பார். குறைந்தால் விசில் அடிப்பார்.

வங்கி அதிகாரி அம்மா ஒருவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "வாட்ஸப் குரூப்ல ஒரு தம்ஸ் அப் போடச் சொல்லலாமே?" என்றார்.

"டவரு இல்லம்மா. கல்லு எம்புட்டு வேணும்னாலும் இருக்கு" என்றார் அண்ணன்.

பதினொன்று

மதுரை கோச்சடையில் என் தெருக்காரர், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். எட்டு வருஷத்துக்கு முன் அந்தச் சம்பவம் நடந்த அன்று, கருப்பையா அண்ணனை விட்டால், அவரும் நானும் சேர்த்துப் பதினொரு பேர். இரண்டாம் நாள் காலை புல்வெளியில் மூடுபனி இறங்கிவிட்டது. மழையும் வரும்போலிருந்தது. "கல்லை மட்டும் வச்சிட்டு நிக்காம வாங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே நடந்தேன்.

அந்தப் பாறையில் பதினொரு கல் இருந்தது. அடுத்த பாறையில் பத்து. கருப்பையா அண்ணன் மட்டும் திரும்பிப் போனார். காட்டுமாடு திரியும் இடம். இரண்டு மணி நேரம் நான் மற்ற ஒன்பது பேரின் முகத்தையும் பார்க்காமல் நின்றேன். பிறகு பனிக்குள்ளிருந்து வாத்தியார் சாரை முதுகில் சுமந்துகொண்டு வந்தார் அண்ணன். சாருக்குக் கணுக்கால் வீங்கி, கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

யாரும் கேட்பதற்கு முன்பே அண்ணன் சொன்னார்: "கல்லை வச்சிட்டு ஒதுங்கப் போயிருக்காரு. சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

சார் மறுக்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய மாணவர்

அன்றிலிருந்து ஒவ்வொரு குழுவுக்கும் புறப்படுமுன் இந்தக் கதையைச் சொல்வேன். கோச்சடை முழுக்கப் பரவிவிட்டது. "பூகோள வாத்தியாருக்கே வழி தெரியலையாம்ல!" என்று டீக்கடையில் அவர் காதுபடவே சிரித்தார்கள். சார் மலைக்கு வருவதையே விட்டார். என்னைக் கண்டால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார். அன்று என்ன நடந்தது என்று அவரிடம் நான் கேட்காமலிருக்க அது வசதியாகவும் இருந்தது.

போன மாதம் புதிதாக வந்த ஒருவர் சாரின் பழைய மாணவர். கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "எங்க சாரா? ஒண்ணுக்குப் போறதுன்னாக்கூட ஹெச்.எம். ரூம்ல சொல்லிட்டுப் போற ஆளுண்ணே அவரு" என்றார்.

வழிகாட்டி

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. சாருக்குக் குனிந்தால் இடுப்பு பிடிக்கும். அதனால் எனக்கு அடுத்தபடியாக நடந்துவந்த அவருடைய கல்லையும் பாறைக்குப் பாறை நானே வைத்துவிடுவேன். அன்று பனியில் திரும்பிப் பார்த்தேனா, பழக்கத்தில் இரண்டாக வைத்தேனா? இரண்டு கல்லோடு குனிந்த ஞாபகம் இருக்கிறது. அது முந்தைய பாறையாகவும் இருக்கலாம். அடுத்த பாறையில்தான் திரும்பிப் பார்த்து, சாரைக் காணாமல் என் கல்லை மட்டும் வைத்துவிட்டு நின்றேன். பாறைக்கு வருமுன்பே சார் வழி தவறியிருந்தால், அங்கே அவர் கல் இருந்ததற்கு நான்தான் காரணம்; ஒதுங்கப் போனார் என்று அண்ணன் சொன்னது என்னைக் காப்பாற்றத்தான்.

ஆரப்பாளையத்திலிருந்து எழுமலைக்கு இரண்டு மணி நேர பஸ். வழிகாட்டி என்று பெயர் வைத்திருக்கும் எனக்கு, இந்த ஒன்றைக் கேட்கப் போவதற்கு எட்டு வருஷம் ஆயிற்று. கருப்பையா அண்ணன் வரப்பில் நின்று தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, ஆளு சேராம ஒத்தையில வந்திருக்க?" என்று சிரித்தார்.

நான் கேட்டேன்: "அண்ணே, அன்னைக்கு சாரை நீங்க பாத்தது கல்லு வச்ச பாறையத் தாண்டியா, பாறைக்கு வர்றதுக்கு முன்னாடியா?"