தலைவரின் பாலமும் அக்காவின் ஊக்கும்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஓட்டையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஓட்டை என்று சொன்னால் அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஓட்டைங்கறது வாளியில விழறது. இது துளை. வேணும்னே போட்டது," என்பார். ஒரே இடைவெளியில் துளை போட்ட இரும்புப் பட்டைகள், அவற்றைச் சேர்க்க நட்டும் போல்ட்டும், சுழல்வதற்குப் பல்சக்கரங்கள். பிள்ளைகள் லாரியும் கிரேனும் செய்து விளையாடக் கடையில் பெட்டி பெட்டியாக விற்பார்களே, அதுதான். பெட்டியின் மேல் 'எட்டு வயது முதல்' என்று போட்டிருக்கிறது. எதுவரை என்று போடவில்லை. அந்த ஒரு சலுகையில்தான் ஐம்பதைத் தாண்டிய மனிதர் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறார்.

பகலில் அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களிடம், அது தன் பிரிவு இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்வது வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியதும் ஆளே வேறு. சாப்பாட்டு மேசையில் முக்கால்வாசி அவருடைய இரும்பு. மீதியில் மற்றவர்கள் தட்டை வைத்துக்கொள்ளலாம். நான் மாடியில் குடியிருக்கிறேன், மருந்துக் கடையில் வேலை. காலி மாத்திரை டப்பாக்களை அவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது வீட்டில் எழுதாத சட்டம். வயிற்றுவலி டப்பாவில் வாஷர், தூக்க மாத்திரை டப்பாவில் நட்டு. அக்கா ஒருமுறை தலைவலிக்கு மாத்திரை தேடி ஒரு கை நிறைய போல்ட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

இந்தப் பெட்டிகளைச் செய்யும் கம்பெனி இப்போதெல்லாம் புதுப்புதுப் பாகங்களைப் போட ஆரம்பித்திருக்கிறது. லாரிக்கு முகம் வேண்டுமென்றால் முன்பெல்லாம் பட்டைகளை வளைத்து நாமே செய்ய வேண்டும். இப்போது கண்ணாடி, விளக்கு, மூக்கு எல்லாம் சேர்ந்து ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக வருகிறது. அதைப் பார்த்த அன்று அத்தான் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஒரு நல்ல பாகத்துக்குப் பத்து வேலை தெரியணும். ஒரே வேலைக்குன்னு பொறந்தது பாகம் இல்ல, பொம்மை. பாகம் பத்தலைன்னு ஒருத்தன் சொன்னா, அவனுக்குப் பத்தாதது பாகம் இல்ல," என்று நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினார். அடுப்பு பற்ற வைக்கக்கூடத் தெரியாத மனிதர், பத்து வேலை தெரிய வேண்டும் என்று இரும்புக்குப் பாடம் நடத்துவதை அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பெனிக்கும் காரசாரமாக எழுதிப் போட்டார். ஆர்வத்துக்கு நன்றி என்று சொல்லி, அதே பிளாஸ்டிக் மூஞ்சியில் ஒன்றை இலவசமாக அனுப்பி வைத்தார்கள். தூக்கிப் போடவும் மனசு வராமல், மேசையில் காகிதம் காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் பாரமாக வைத்தார். "அப்போ அதுக்கும் ரெண்டாவது வேலை ஒண்ணு தெரியுதே," என்றாள் அக்கா.

ஊரில் இதே நோய் கண்டவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு பல் டாக்டர், லிப்ட் பழுது பார்க்கிறவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் என்று கொஞ்சம் பேர். வேறு யாரும் முன்வராததால் அத்தான்தான் தலைவர். ஆனவுடன் அவர் கொண்டுவந்த முதல் விதி: பெட்டியில் இல்லாத எந்தப் பொருளும் மாடலில் இருக்கக்கூடாது. இருந்தால் அது அந்நியப் பாகம். மாடல் போட்டியிலிருந்து தள்ளப்படும்.

அந்த விதிக்கு முதல் பலி, அவருடைய ஒரே சிநேகிதர்.

அவர் பேருந்து நடத்துனர். அத்தானை 'ஆபீசர்' என்று கூப்பிடுவார், அத்தான் அவரைக் 'கண்டக்டர்' என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்துவிடுவார். இந்த விளையாட்டில் ஒரு போல்ட்டை முடுக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் முன்னால் திருக, இன்னொருவர் பின்னால் நட்டு சுற்றாமல் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள. வருடக்கணக்காக அத்தான் திருகினார், கண்டக்டர் பிடித்தார். ஞாயிறெல்லாம் சண்டையும் சிரிப்புமாகப் போகும். அப்புறம் ஒரு போட்டியில் கண்டக்டர் கொண்டுவந்த கிரேனில் ஒரு ரப்பர் பேண்டு இருந்தது. டிக்கெட் கட்டுக்குப் போடுவதற்காக அவர் மணிக்கட்டில் எப்போதும் மாட்டியிருப்பாரே, அதில் ஒன்று. கிரேன் சுமையைத் தூக்கி நிறுத்தும்போது பல்சக்கரம் பின்னால் சுற்றாமல் ஒரு கொக்கி விழுந்து பிடிக்க வேண்டும்; அந்தக் கொக்கி ஆட்டத்தில் எகிறிவிடும். எகிறாமல் இழுத்துப் பிடிக்க அவர் ரப்பரை மாட்டியிருந்தார். அத்தான் எல்லோர் முன்னிலையிலும் அதை இரண்டு விரலால் செத்த பல்லியைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டி, மாடலைத் தள்ளிவிட்டார்.

கிரேனைத் தூக்கிக்கொண்டு போன கண்டக்டர், பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை.

அவர் போனதில் அடிபட்டது அக்கா. பின்னால் நட்டைப் பிடிக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு குட்டித் தூக்கம் என்பதே அவளுக்கு இல்லாமல் போனது. அதுவும் நின்றுகொண்டே பிடிக்க வேண்டும். மேசை ஓரத்தில் இருந்த முக்காலியில் உட்காரப் போனால், "அது கண்டக்டர் சீட்டு," என்பார் அத்தான். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கிப்போகும். எனக்கு அவர் மேல் எரிச்சலும் வரும், பாவமாகவும் இருக்கும். போய்க் கூப்பிட வேண்டியதுதானே என்றால், "விதின்னு ஒண்ணு இருக்கு," என்பார்.

இந்த வருடப் போட்டிக்கு அவர் செய்தது ஒரு தூக்குப் பாலம், அதன் மேல் ஒரு குட்டி லாரி. கைப்பிடியைச் சுற்றினால் பாலம் மேலே எழும்பும், கப்பல் போக வழி விட்டு நிற்கும். நிற்க வேண்டும் என்பது ஏட்டில். நிஜத்தில் ஒரு தடவை நிற்கும், ஒரு தடவை தடாலென்று விழும். அதே பல்சக்கரம், அதே கொக்கி, கண்டக்டரின் கிரேனுக்கு வந்த அதே வியாதி. அத்தான் கொக்கியை மாற்றினார், சக்கரத்தை மாற்றினார், நட்டைப் பிடித்த அக்காவைத் திட்டினார். எதற்கும் அது மசியவில்லை.

போட்டி அன்று காலை அவர் குளிக்கப் போனதும் அக்கா பாலத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அது அவள் விரல் மேலேயே விழுந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தோளில் முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, விரித்து, கொக்கியை அழுத்திப் பிடிக்கும்படி உள்ளே செருகினாள். சுற்றினாள். பாலம் சிலை மாதிரி நின்றது.

"அக்கா, தெரிஞ்சா உன்னைத் தொலைச்சுடுவார்."

"தெரியட்டும். இன்னிக்கு இது விழுந்துச்சுன்னா அடுத்த வருஷம் பூரா இன்னொரு பாலம். யார் நட்டுப் பிடிக்கிறது? நீயா?" என்றவள், கையோடு போனை எடுத்துக் கண்டக்டரை அழைத்தாள். "அண்ணா, இன்னிக்கு டியூட்டி முடிஞ்சதும் போட்டிக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. எனக்காக."

பள்ளிக்கூடத்து ஓவிய அறையில் போட்டி. அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் பாலத்தின் பக்கத்தில் நின்று, புதிய பாகங்களின் மோகம் ஒரு தலைமுறையையே எப்படிச் சோம்பேறியாக்கியது என்று விளக்கினார். "இதுல அந்நியப் பாகம் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் என்னை அந்த ஜன்னல் வழியா தூக்கிப் போடுங்க," என்று முடித்துக் கைப்பிடியைச் சுற்றினார். பாலம் எழுந்தது. நின்றது. நிற்கிறதே என்று அவருக்கே ஒரு கணம் திக்கென்றது. பிறகு சுதாரித்துக்கொண்டு, தான் நினைத்தது போலவே நின்றதாகத் தலையாட்டினார். கை தட்டினார்கள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து காக்கிச் சீருடையோடு கண்டக்டர் முன்னால் வந்தார். குனிந்து பாலத்தின் அடிவயிற்றைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊக்கைப் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோனது. நிமிர்ந்து, "நல்லா இருக்கு ஆபீசர்," என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

அங்கேதான் அத்தானுக்குச் சந்தேகம் தட்டியது. இத்தனை வருடத்தில் குறை சொல்லாமல் கண்டக்டர் எதையும் பாராட்டியதே கிடையாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே குனிந்தார். ஊக்கு பளபளவென்று அவரைப் பார்த்தது.

"யார் பண்ண வேலை இது?"

"நான்தான். நீங்கதானே சொன்னீங்க, நல்ல பாகத்துக்குப் பத்து வேலை தெரியணும்னு?" என்றாள் அக்கா. "இது நாடா கோக்கும், முள்ளு எடுக்கும், அடுப்புக் கண்ணு அடைச்சா குத்தும், பட்டன் போன சட்டையில மானத்தைக் காப்பாத்தும். இப்போ பாலத்தையும் நிறுத்துது. உங்க பெட்டியில இந்த மாதிரி ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்."

கூட்டத்தில் சிரிப்பு. பல் டாக்டர்தான் முதலில் எழுந்தார். "தலைவரே, இது புதுமை! இதுக்கு ஒரு பாக எண் கொடுத்துச் சேர்த்துக்கலாம்." எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஜன்னலைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. அத்தான் தொண்டையைச் செருமினார். நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன், என்ன சொன்னார் தெரியுமா? "உண்மையில இந்த ஊக்கு யோசனை எனக்கும் ரொம்ப நாளாவே இருந்ததுதான்."

"அப்படியா?" என்றாள் அக்கா. "அப்போ அண்ணாவோட ரப்பர் பேண்டு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது வேற."

"என்ன வேற?"

அக்கா கையை விட்டு ஊக்கை உருவினாள். பாலம் தடாலென்று விழுந்து, மேலே நின்ற குட்டி லாரி தரையில் உருண்டது. "என் ஊக்கு, எனக்கு வேணும்," என்று தோளில் குத்திக்கொண்டாள்.

அத்தான் கீழே குனிந்து லாரியை எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே வாசல்வரை நடந்தார். கண்டக்டர் நிலைப்படியில் நின்றுவிட்டிருந்தார்.

"கண்டக்டர், ஒரு ரப்பர் பேண்டு குடு."

"அது அந்நியப் பாகமாச்சே ஆபீசர்."

"தெரியும்." அத்தான் லாரிச் சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டே நின்றார். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. நீ போனப்புறம் நான் செஞ்சது ஒண்ணுகூட நிக்கலப்பா."

கண்டக்டர் மணிக்கட்டிலிருந்து ஒன்றைக் கழற்றினார். "நீ திருகு. நான் பின்னால பிடிக்கிறேன்."

அந்நியப் பாகம் இருந்ததால் தலைவரின் பாலம் விதிப்படி போட்டியிலிருந்து தள்ளப்பட்டது; தள்ளியவர் தலைவரே. பரிசு பல் டாக்டரின் லாரிக்குப் போனது. அந்தப் பிளாஸ்டிக் முகத்தோடு அது ஜோராக இருந்தது. ஓடவில்லை, ஆனால் விதிமீறல் எதுவும் இல்லை. பரிசைக் கொடுக்கும்போது அத்தான் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ரப்பர் பேண்டு அந்நியம்தான், ஆனால் அது கண்டக்டர் கையிலிருந்து வந்தால் அந்நியம் இல்லை என்று ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறார். இதில் நியாயம் எங்கே என்று கேட்கப் போன என்னை அக்கா வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு மதியம் நான் கீழே இறங்கியபோது, ரப்பர் தடிமனாக இருக்க வேண்டுமா மெல்லிசாக இருக்க வேண்டுமா என்று இருவரும் மேசையில் கத்திக்கொண்டிருந்தார்கள். முக்காலியில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். அக்கா எங்கே என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. படுக்கையறைக் கதவைத் தள்ளிப் பார்த்தால், அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அவள் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.